ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வர உங்க வீட்டுல எத்தனை கூலிநாள் போகுது? (தர்மபுரி மாவட்டம்)

#1 நாகாவதி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் இங்க வர்றவன். இன்னைக்கு ஒரு கணக்கு கேட்கணும்னு எழுதறேன்.

அம்மாவுக்கு 58 வயசு. சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சு ஆறு வருஷம் ஆகுது. ஊரு மாவட்டத்தோட மேற்குப் பக்கம், காட்டோரம். நான் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கேன். ஆவணியில கடலைக் கொல்லையில களை எடுக்கும்போது அம்மாவுக்கு உள்ளங்கால்ல முள்ளு ஏறியிருக்கு. அவங்களுக்குத் தெரியவே இல்ல. கால் மரத்துப்போயிருந்ததே எங்க யாருக்கும் அதுவரைக்கும் தெரியாது. எட்டு நாள் கழிச்சு செருப்புல ஈரமா இருக்கேன்னு திருப்பிப் பார்த்தா சீழ்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நல்லாத்தான் பார்த்தாங்க. சீட்டு, ஊசி, மாத்திரை, கட்டு எதுக்கும் ஒரு ரூபா வாங்கல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாத்திக்கணும், ஆறு தடவையாவது வரணும்னு சொன்னாங்க.

ஒரு தடவை போய் வர ஆன செலவை எழுதறேன். அம்மாவோட கூலி 350 போச்சு. துணைக்குப் போன அத்தையோட கூலி 350. கட்டுப் போட்ட காலோட மெயின் ரோடு வரைக்கும் நடக்க முடியாது, ஆட்டோ போக வர 300. டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் காசில்ல, ஆனா எங்க பக்கம் அது காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. நடுவுல வர்றது எல்லாம் டிக்கெட் வாங்கற பஸ்தான், ரெண்டு பேருக்கும் சேர்த்து 100. டீ, சாப்பாடு 120. ஆக 1,220 ரூபா. ஆறு தடவைக்கு 7,320. எங்கம்மா ஒரு மாசம் முழுக்க வேலை கிடைச்சாத்தான் அவ்வளவு பார்ப்பாங்க.

மூணு தடவை போனாங்க. நாலாவது தடவை போகல. என்கிட்ட போன்ல "ஆறிடுச்சு சாமி, நீ லீவு போடாத"ன்னு சொன்னாங்க. நான் ஊருக்கு வந்தப்ப வீட்டுக்குள்ள நுழையும்போதே வாடை அடிச்சுது. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

இன்னொரு விஷயமும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மாத்திரைக்காக மாசா மாசம் ஒரு நாள் கூலி போகுதேன்னு, மாத்திரையைப் பாதியா உடைச்சு ரெண்டு மாசத்துக்கு வெச்சு சாப்பிட்டிருக்காங்க. டப்பாவுல பாதி பாதியா அழகா அடுக்கி வெச்சிருந்தாங்க. அதைப் பார்த்துட்டு ராத்திரி தூங்க முடியல.

மாவட்டத்துல எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், எத்தனை ஆரம்ப சுகாதார நிலையம்னு கேட்டா எல்லாரும் சொல்றாங்க. ஒரு வீட்டுல இருந்து ஆஸ்பத்திரி எத்தனை கூலிநாள் தள்ளி இருக்குன்னு யாரும் சொல்லல. அதான் கேட்கறேன். உங்க ஊர்ல இருந்து, உங்க வீட்டுக் கணக்கை எழுதுங்க. நம்ம மாவட்டம்னு இல்ல, பக்கத்து மாவட்டத்துக்காரங்களும் எழுதலாம்.


#2 தென்பெண்ணை

அம்மா இப்ப எப்படி இருக்காங்க? மனசு கனத்துப்போச்சு.

எங்க வீட்டுல அப்பாவுக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அரூர்ப் பக்கத்து கிராமம் நாங்க. முதலமைச்சர் காப்பீட்டுல டயாலிசிஸுக்குப் பணம் கட்ட வேண்டியதில்ல. அது இல்லாட்டி அப்பா இன்னைக்கு இல்ல, அதை மறக்கவே மாட்டேன். ஆனா போய் வர்ற வண்டிக்கு அந்தக் காப்பீடு இல்ல. டயாலிசிஸ் முடிஞ்சதும் அப்பாவால பஸ்ஸுல நிக்க முடியாது, தலை சுத்தும். ஆட்டோதான். வாரத்துல மூணு நாள் நானோ தம்பியோ கூடப் போகணும். தம்பி படிப்பை விட்டுட்டான். அதை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னு தெரியல.


#3 புளியந்தோப்பு

நடந்ததுக்கு வருத்தம் நண்பரே. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம ஜனங்க மேலயும் தப்பு இருக்கு. மருந்து இலவசம், சிகிச்சை இலவசம், பொம்பளைங்களுக்கு பஸ்ஸு இலவசம், வீட்டுக்கே வந்து மாத்திரை குடுக்கற திட்டம் இருக்கு. இவ்வளவு இருந்தும் மாத்திரையைப் பாதியா உடைச்சா யார் என்ன பண்ண முடியும்? எங்க ஊர்ல காய்ச்சல்னா பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) பக்கம் போக மாட்டாங்க, நேரா டாக்டருக்குப் படிக்காம ஊசி போடறவர்கிட்டதான் ஓடுவாங்க. படிப்பறிவு இல்ல. 2011 கணக்கெடுப்புல எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டுலயே கடைசி நம்ம மாவட்டம்தான். அதைச் சரி பண்ணாம எதைச் சரி பண்ணினாலும் நிக்காது.


#4 இரவுடியூட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ். நம்ம மாவட்டத்துலதான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கேன். எந்த ஊருன்னு கேட்காதீங்க.

நாகாவதி தம்பி, முதல்ல உங்களுக்கு. கட்டு மாத்தறதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும்னு இல்ல. பக்கத்து பி.எச்.சி-யிலயே மாத்திக்கலாம். துணை சுகாதார நிலையத்துல நர்ஸம்மா இருந்தா அங்கயும் முடியும். ஓ.பி சீட்டுல "அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றிக்கொள்ளவும்"னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்தாப் போதும். அதை அவங்களே சொல்லியிருக்கணும். ஒரு நாளைக்கு அத்தனை பேரைப் பார்க்கற இடத்துல அந்த வார்த்தை விட்டுப்போயிடுது. உங்கம்மா விரல் அந்த ஒரு வரியில போயிருக்கு. எழுதறப்ப எனக்கே கை நடுங்குது.

சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கால் மரத்துப்போறது திடீர்னு வர்றதில்ல. வருஷக்கணக்குல மெதுவா நரம்பு கெட்டுக்கிட்டே வரும். வலி தெரியாது, சூடு தெரியாது. அதனால தினமும் ராத்திரி படுக்கப்போற முன்னாடி உள்ளங்காலைப் பார்க்கணும். குனிஞ்சு பார்க்க முடியலைன்னா கண்ணாடியைத் தரையில வெச்சுப் பார்க்கலாம், பேரப்பிள்ளைங்களைப் பார்க்கச் சொல்லலாம். கொல்லையில வெறுங்காலோட இறங்கக் கூடாது. உள்ள மெத்துன்னு இருக்கற எம்.சி.ஆர் செருப்பு வாங்கிக் குடுங்க, ரப்பர் செருப்பு வேண்டாம்.

புளியந்தோப்பு அண்ணா, கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்கே மாத்திரை வரும்னு நீங்க சொன்ன அந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பக்கத்துல கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான் 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு ஆரம்பிச்சாங்க. நான் அந்தத் திட்டத்தை மனசார நம்பறவ. படுத்த படுக்கையா இருந்த எத்தனையோ பேருக்கு வீட்டுக்கே போய் பிசியோ பண்ணியிருக்கோம். ஆனா மாத்திரை கொண்டுபோற அக்கா பகல்லதானே போக முடியும்? பகல் பதினோரு மணிக்குப் போனா சர்க்கரை, பி.பி இருக்கற பொம்பளைங்கள்ல யார் வீட்டுல இருக்காங்க? களை எடுக்கப் போயிருப்பாங்க, நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாங்க. மூணு தடவை கதவு பூட்டியிருந்தா அட்டையில "வீட்டில் இல்லை"ன்னு எழுதிட்டு வர வேண்டியதுதான். அந்த அக்காவுக்கும் தொகை கொஞ்சம்தான், ராத்திரி ஏழு மணிக்கு வான்னு நான் எப்படிச் சொல்வேன்? பாதி மாத்திரை விஷயம் நாங்க அடிக்கடி பார்க்கறது. படிச்சவங்களும் செய்யறாங்க. கேட்டா "தீர்ந்துபோயிடும்னு பயமா இருந்துச்சும்மா"ன்னு சொல்வாங்க.

இன்னொண்ணு, இந்த இழையில யாரும் எழுத மாட்டாங்கன்னு நானே எழுதறேன். 16, 17 வயசுல கல்யாணம் பண்ணி வெச்ச புள்ளைங்க மாசமா இருந்தா எங்ககிட்ட வர்றதே இல்ல. பதிவு பண்ணினா வயசு தெரியும், போலீஸ் கேஸாகும், மாப்பிள்ளையை உள்ள வெச்சிடுவாங்கன்னு பயம். சட்டம் வேணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அந்தப் புள்ளைக்கு ரத்த அளவு (ஹீமோகுளோபின்) ஆறு, ஏழுன்னு இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை ஒண்ணு கூடப் போயிருக்காது, ஏழாம் மாசம் கை கால் வீங்கி ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கிட்டு வருவாங்க. இவங்களுக்கு ஆஸ்பத்திரி கூலிநாள் கணக்குலயும் தூரம் இல்ல. பயத்துல தூரமாயிடுது.


#5 நாகாவதி

அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். எங்க ஊர்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர்ல துணை சுகாதார நிலையம் இருக்கு. தடுப்பூசிக்கும் கர்ப்பிணிங்களுக்கும் மட்டும்தான் அதுன்னு நினைச்சிட்டு இருந்தோம்.


#6 சித்தேரிமலை

நான் மலையாளிங்கற பழங்குடி சமூகம். சித்தேரி மலையில ஒரு குக்கிராமம். இப்ப அரூர்ல தங்கி வேலை பார்க்கறேன்.

எங்க மலையைப் பத்தி வெளிய பேசும்போது எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுவாங்க. மூங்கில்ல போர்வையைக் கட்டித் தூளியில பொம்பளையத் தூக்கிட்டு நாலு பேர் இறங்கற படம். அந்தப் படம் பொய்யில்ல. நானே தூக்கியிருக்கேன். ஆனா அதோட பேச்சு நின்னுபோயிடுது, ரோடு போட்டா எல்லாம் சரியாயிடும்னு முடிச்சிடறாங்க. ரோடு வேணும். அது எங்க உரிமை. இந்த மாவட்டத்துலயே கோட்டூர் மலைக்குத் தேர்தல்ல வாக்கு இயந்திரம் கழுதை மேல ஏறிப் போனதை எல்லாரும் பார்த்திருக்கீங்க. ஓட்டுக்கு எப்படியும் ஒரு வழி பண்ணிடறாங்க, பேறுகாலத்துக்கும் அதே அக்கறை இருக்கணும்னுதான் கேட்கறோம்.

நான் சொல்ல வந்தது என் தங்கச்சி விஷயம். ரெண்டாவது பிரசவம். நாள் நெருங்குது, கீழ வந்து பிரசவத்துக்கு முன்னாடியே தங்கிக்கற அறையில இருங்கன்னு நர்ஸம்மா மூணு தடவை ஏறி வந்து சொல்லிட்டுப் போனாங்க. அந்த ஏத்தத்தை அவங்க மூணு தடவை ஏறினதை நான் மதிக்கறேன். தங்கச்சி போகல. ஏன் போகலைன்னு ஊர்ல யாரும் கேட்கல, பிடிவாதம்னாங்க. நான் உட்கார்ந்து கேட்டேன். மூத்த குழந்தைக்கு மூணு வயசு, அதை யார் பார்க்கறது? மாப்பிள்ளை குடகுக்கு மிளகு பறிக்கப் போயிருக்காரு. ஆடு பன்னெண்டு இருக்கு. சாமை அறுப்பு நேரம். மாமியாருக்குக் கண்ணு தெரியாது. பதினஞ்சு நாள் முன்னாடியே கீழ போய் உட்கார்ந்தா அந்த வருஷத்துச் சாமை கொல்லையிலயே கொட்டிப்போகும். அவ பிடிவாதத்துல ஒரு குடும்பத்தோட சாப்பாடு இருந்துச்சு.

கடைசியில என்ன பண்ணினோம்னா, எங்க சித்தி மக ஆட்டைப் பார்த்துக்கிட்டா, பக்கத்து நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து சாமையை அறுத்துக் குடுத்தாங்க, மூத்த குழந்தையோடவே தங்கச்சியைக் கீழ இறக்கினோம். குழந்தையையும் கூட வெச்சுக்க அந்த நர்ஸம்மா சரின்னு சொன்னாங்க. நல்லபடியாப் பொண்ணு பொறந்துச்சு. 2.8 கிலோ.

ஒரு பொம்பளையக் கீழ கூட்டிட்டு வரணும்னா அவளோட ஆட்டுக்கும் குழந்தைக்கும் சாமைக்கும் சேர்த்து யோசிக்கணும். கட்டிலும் சாப்பாடும் போட்டு வெச்சா மட்டும் வர மாட்டாங்க.


#7 கணவாய்பைலட்

108-ல பைலட்டா இருக்கேன், அதாவது டிரைவர். தமிழ்நாட்டுல இந்த சேவை வந்தது 2008 செப்டம்பர்ல.

ஒரே மாவட்டத்துக்குள்ள ரெண்டு உலகம் இருக்குங்க. தொப்பூர் கணவாய்ல லாரி கவுந்தா போன் வந்த கொஞ்ச நேரத்துல வண்டி நிக்கும். 2021 டிசம்பர்ல வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கேட்க மாட்டாங்க, வடநாட்டு லாரிக்காரரா இருந்தாலும் சரி. எத்தனையோ உயிர் அதுல நின்னிருக்கு, என் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா அந்த ரோட்டுல இருந்து பிரிஞ்சு மலைப்பக்கம் போனா, போன் பண்ணவே சிக்னல் இல்ல. பாம்பு கடிச்சவரைத் தூக்கிட்டு ஒருத்தர் இறங்க, இன்னொருத்தர் சிக்னலுக்காக மேட்டுக்கு ஓட, நாங்க அடிவாரத்துல காத்துக்கிட்டிருப்போம்.

பாம்பைப் பத்தி ஒண்ணு எழுதிடறேன், யாருக்காவது உதவும். கட்டுவிரியன் ராத்திரியில, தரையில படுத்திருக்கறவங்களைத்தான் அதிகம் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியக்காலம் வயித்து வலின்னு எழுந்திருப்பாங்க, அஜீரணம்னு சோடா குடிச்சிட்டுப் படுத்துடுவாங்க. அப்புறம் கண் இமை தொங்கும், முழுங்க முடியாது. அப்படி இருந்தா உடனே கிளம்பணும். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, நடக்க விடாதீங்க. விஷமுறிவு மருந்து பி.எச்.சி-யிலயே இருக்கு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் ஒரே மருந்துதான். அதனால எந்தப் பாம்புன்னு தேடி அடிச்சு எடுத்துட்டு வர்றேன்னு நேரத்தைக் கழிக்காதீங்க. அப்படித் தேடப் போன மகனும் கடி வாங்கின கதை எனக்குத் தெரியும்.


#8 வாணியாறு

பெங்களூர்ல கட்டட வேலை. நான், சம்சாரம், ரெண்டு பிள்ளைங்க எல்லாம் சைட்டு ஷெட்டுலதான் இருக்கோம். எங்க பேரு ஊர்ல இருக்கு, உடம்பு இங்க இருக்கு. சின்னவளுக்கு ஒன்பதாம் மாசத் தடுப்பூசி பதினாலாம் மாசம்தான் போட்டோம், பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப. இங்க போடலாம்னு யாராவது சொல்லியிருந்தா போட்டிருப்போம். பாஷை தெரியாத ஊர்ல போய்க் கேட்கக் கூச்சம். அம்மாவோட சர்க்கரை மாத்திரையை ஊர்ல வாங்கி யார் மூலமாவது குடுத்து விடச் சொல்லுவோம். வரலைன்னா மெடிக்கல்ல காசு குடுத்து வாங்குவோம்.


#9 இரவுடியூட்டி

வாணியாறு அண்ணா, தடுப்பூசி நாடு முழுக்க ஒண்ணுதான். எந்த மாநிலத்து அரசு சுகாதார நிலையத்துல வேணும்னாலும் போட்டுக்கலாம், ஊர் அட்டையைக் காட்டினாப் போதும். பாஷை தெரியலைன்னாலும் அட்டையைப் பார்த்தா நர்ஸுக்குப் புரியும். கூச்சப்படாதீங்க.


#10 புளியந்தோப்பு

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். பாதி மாத்திரை விஷயத்துல நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன், நாகாவதி தம்பி மன்னிக்கணும்.

ஆனா ஊசி போடறவங்க விஷயத்துல என் கருத்து மாறல. பன்னெண்டாவது படிச்சிட்டு, மெடிக்கல்ல நாலு வருஷம் நின்னுட்டு, டாக்டர்னு போர்டு மாட்டறவங்களை மாசத்துக்கு ஒருத்தரையாவது பிடிக்கறதா பேப்பர்ல வருது. பக்கத்துலயே அரசு டாக்டர் இருக்கறப்ப அவங்ககிட்ட ஏன் போறாங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க.


#11 நாகாவதி

அண்ணா, மன்னிப்பெல்லாம் எதுக்கு. உங்க கேள்விக்கு எங்கம்மாவே பதில் சொன்னாங்க. எழுதறேன்.

ஓ.பி சாயந்திரம் நாலு மணியோட முடியுது. கொல்லை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரவே நாலரை. ஊசி போடறவரு ஏழு மணிக்குக் கடை திறப்பாரு. வேலையை முடிச்சு, குளிச்சு, அடுப்பை மூட்டிட்டுப் போனா பார்த்துட்டு வந்துடலாம். 150 ரூபா வாங்குவாரு, இல்லைன்னா அடுத்த சந்தைக்குக் குடுன்னு சொல்லுவாரு. காய்ச்சலோட அம்மா பகல்ல பி.எச்.சி-க்குப் போனா 350 போகுது. அவர்கிட்ட போனா 150. அவர்கிட்ட போறது ஏமாந்து போறதில்லை, அம்மா கணக்குப் போட்டுத்தான் போயிருக்காங்க. அந்தக் கணக்குல உடம்பு எங்க வருதுங்கறதுதான் பயமா இருக்கு.


#12 இரவுடியூட்டி

அதேதான். அந்த ஊசியில என்ன இருக்குன்னும் எழுதிடறேன். பெரும்பாலும் ஸ்டீராய்டும் வலி ஊசியும். அன்னைக்கு ராத்திரியே உடம்பு வலி போயிடும், பசி எடுக்கும், "கைராசிக்காரர்"னு பேர் வந்துடும். சர்க்கரை இருக்கறவங்களுக்கு அதே ஊசி சர்க்கரையை ஏத்திவிடும், புண்ணை ஆற விடாது. அடிக்கடி போட்டா எலும்பும் தேயும். பிடிச்சு ஜெயில்ல போடறதை நான் ஆதரிக்கறேன். கூடவே சாயந்திரம் அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாளாவது பி.எச்.சி-யில ஓ.பி நடக்கணும். அதுக்கு ஆள் கூடுதலாப் போடணும். இருக்கற எங்களையே இன்னும் மூணு மணி நேரம் நில்லுன்னா எங்களால முடியாது.


#13 பழையஹெச்ஐ

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பணியில் சேர்ந்தபோது இது ஓசூர் வரைக்கும் நீண்ட ஒரே மாவட்டம். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது, 2004-ல் கிருஷ்ணகிரி தனியானது. 2008-ல் தர்மபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வரும் வரை, கொஞ்சம் சிக்கலான நோயாளி என்றாலே சேலத்துக்குத்தான் அனுப்புவோம். வழியில் உயிர் போனவர்களை நான் அறிவேன். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாகாவதி தம்பி கேட்டது ஆழமான கேள்வி. எங்கள் துறையின் விதிமுறை ஆட்களை எண்ணுகிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையம் என்றால் 5,000, மலையில் 3,000. மலைக்குச் சலுகை கொடுத்ததாகத் தோன்றும். ஆனால் 3,000 பேர் ஒரே தெருவிலும் இருக்கலாம், இருபது குன்றுகளில் சிதறியும் இருக்கலாம். விதிக்கு இரண்டும் ஒன்றுதான். நடக்கும் நேரத்தை எண்ணியிருந்தால் எங்கள் வரைபடமே வேறாக இருந்திருக்கும்.

சித்தேரி நண்பர் சொன்னதைப் படித்ததும் சிட்லிங்கி நினைவுக்கு வந்தது. கல்ராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கு. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி 1993-ல் அங்கே ஒரு மண் குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பகுதியில் பிறந்த 1,000 குழந்தைகளில் 147 முதல் வயதைத் தாண்டவில்லை. பின்னாளில் அந்த எண் பல மடங்கு இறங்கியது. பெரிய கருவிகள் வந்ததால் இறங்கவில்லை. அந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து, பிரசவம் பார்க்கவும் வயிற்றுப்போக்கையும் நிமோனியாவையும் அடையாளம் காணவும் வருடக்கணக்கில் பயிற்றுவித்தார்கள். நோயாளியின் வீட்டில் ஆடு எத்தனை, அறுப்பு எப்போது என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு அதே மக்களோடு சேர்ந்து விவசாயத்துக்கும் லம்பாடிப் பெண்களின் தையலுக்கும் போனார்கள். வருமானம் இல்லாமல் ஆரோக்கியம் இல்லை என்பதைக் கண்டுகொண்ட மருத்துவர்கள். அரசுத் துறையில் இருந்துகொண்டே நான் அவர்களிடம் கற்றுக்கொண்டேன்.

பெண் குழந்தை விஷயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 2001 கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கும் வந்தது. 2011-ல் 913. உயர்ந்ததில் எங்கள் கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு பெரிது. வீடு வீடாகப் போய் பிறந்த பெண் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆனால் கருவிலேயே பாலினம் பார்த்துச் சொல்லும் கும்பல்கள் இன்றும் பிடிபடுகின்றன. கையில் தூக்கிப் போகும் ஸ்கேன் கருவி, ஆள் இல்லாத வீடு. மாத்திரை சரியாகப் போய்ச் சேராத கிராமத்துக்கு அந்தக் கருவி போய்ச் சேர்ந்துவிடுகிறது.


#14 சின்னாறு

பாலக்கோடு பக்கம். எங்க கணக்கு கூலிநாள்ல வராது, பல்லுல வரும்.

எங்க தலைமுறையில சிரிக்கும்போது கையால வாயை மூடிக்காத பொண்ணுங்க கம்மி. பல்லெல்லாம் காவிக் கறை. தண்ணியில ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. நம்ம பாறையே அப்படி, போர் ஆழமாப் போகப் போக அதுவும் கூடுது. எங்க தாத்தாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது, திரும்பணும்னா உடம்போடதான் திரும்புவாரு. வயசானா அப்படித்தான்னு நினைச்சோம். எலும்புக்குள்ள இறங்கின ஃபுளோரைடுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல அடிக்கல் நாட்டி 2013-ல திறந்தாங்க. ஜப்பான் கடனோட 1,928 கோடி. அந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்த எங்க அக்கா மக இப்ப பல்லு தெரிய வாய்விட்டுச் சிரிக்கறா. அதைப் பார்க்கற சந்தோஷம் எங்களுக்குத்தான் தெரியும். மருந்தோ டாக்டரோ இல்லாம ஒரு குழாய் செஞ்ச வைத்தியம் அது.

ஆனா குழாய்ல தண்ணி வராத நாள்ல ஜனங்க மறுபடியும் போர் தண்ணிக்குப் போயிடறாங்க. ஒரு முக்கியமான விஷயம்: கொதிக்க வெச்சா ஃபுளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும். எட்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்குத்தான் பல்லு கெடும், அதுக்கப்புறம் கறை போகவே போகாது. அதனால நல்ல தண்ணி ரெண்டு குடம்தான் இருக்குன்னா அதைக் குழந்தைங்க குடிக்கறதுக்கும் சோறு ஆக்கறதுக்கும் எடுத்து வைங்க. குளிக்க, துணி துவைக்க எந்தத் தண்ணியும் பரவாயில்ல.


#15 நாகாவதி

ஒரு வாரமா எல்லாத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தூளி விஷயம் வந்தப்ப அழுதுட்டாங்க.

நர்ஸக்கா சொன்ன மாதிரி சீட்டுல எழுதி வாங்கிட்டேன். இப்ப துணை சுகாதார நிலையத்துலதான் கட்டு மாத்தறாங்க. காலையில எட்டரைக்குப் போனா ஒன்பதேகாலுக்கு வீட்டுல இருக்காங்க. அத்தை வேலைக்குப் போறாங்க. ஆட்டோ மட்டும் 60 ரூபா. 1,220 எங்க, 60 எங்க. ஒரு வரி தெரிஞ்சிருந்தா விரல் இருந்திருக்கும்னு நினைக்காம இருக்க முடியல. செருப்பும் வாங்கியாச்சு. மாத்திரை கொண்டு வர்ற அக்காகிட்ட பேசினேன், பக்கத்து மளிகைக் கடை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போறேன், வாரக் கடைசியில வந்து பி.பி பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க.

நவம்பர் 1 கிராம சபையில இதைப் பேசப்போறேன். மனுவுல மூணு விஷயம்தான். காலை டவுன் பஸ் நேரத்தை ஓ.பி நேரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும். வாரத்துக்கு ரெண்டு நாள் சாயந்திரம் ஓ.பி வேணும். துணை சுகாதார நிலையத்துச் சுவத்துல அங்க என்னென்ன செஞ்சுக்கலாம்னு தமிழ்ல பெரிசா எழுதி வைக்கணும், கட்டு மாத்தறது உட்பட. கூடவே இந்த இழையில வந்த கணக்குகளை ஒரு தாள்ல எழுதி இணைக்கறேன். யார் பேரும் ஊரும் வராது. இன்னும் யாராவது குடுக்கறதா இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுங்க.


#16 சித்தேரிமலை

எங்க கணக்கை நான் அன்னைக்கு எழுதாம விட்டுட்டேன். இதையும் சேர்த்துக்குங்க.

அடிவாரத்துக்கு இறங்க மூணு மணி நேரம். தூளிக்கு ஒரு தடவைக்கு நாலு பேர், தோள் மாத்த இன்னும் நாலு பேர். எட்டு பேருக்கும் அன்னைக்குக் கூலி இல்ல. திரும்பி ஏற மறுநாள் ஆகும், அதனால மறுநாள் கூலியும் இல்ல. மொத்தம் பதினாறு கூலிநாள். இதுவரைக்கும் ஒருத்தர் கூட அதைத் திருப்பிக் கேட்டதில்ல.